பால் சேராத விரதம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வேண்டாம் என்று சொன்ன ஒரு பிறவியை அங்காளம்மாள் தன் ஐம்பத்திரண்டு வயதில் அதுவரை பார்த்ததில்லை. சர்க்கரை வியாதிக்காரர்கள்கூட அந்தப் பொட்டலத்தைப் பிரித்தால், ஒரே ஒரு விள்ளல் என்று சொல்லி நாலு விள்ளல் தின்றுவிட்டுத்தான் மாத்திரையைத் தேடுவார்கள். ஆனால் எத்தியோப்பியாவிலிருந்து கிருஷ்ணன்கோவில் கல்லூரிக்குப் படிக்க வந்திருந்த ஹிவோத் என்ற பெண், தட்டில் வைத்ததைத் தொடாமல் இரண்டு கையையும் கூப்பி, "ஸாரி அக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். தட்டில் தயிர்ச்சோறும் அப்படியே கிடந்தது.

அங்காளம்மாளுக்குச் சுருக்கென்றது. மம்சாபுரத்துக்காரியான அவள், கிருஷ்ணன்கோவில் ரோட்டிலுள்ள அந்தத் தனியார் மாணவிகள் விடுதியில் பதினாலு வருஷமாகத் தலைமைச் சமையல்காரி. நூற்று நாற்பது பிள்ளைகள். அவள் சாம்பார் கொதித்தால் ரோட்டில் போகிற காலேஜ் பஸ்ஸில் இருக்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். அதில் பாதியாவது உண்மை என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவளின் சோற்றை ஒரு பெண் மூன்று வாரமாக ஒதுக்கினால் எப்படிப் பொறுப்பாள்?

இத்தனைக்கும் இந்தப் பெண் மேல் அவள் தனிப் பிரியம் வைத்திருந்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருநாள் ஹிவோத் அடுக்களை வாசலில் வந்து நின்று, கற்று வைத்திருந்த கொஞ்சத் தமிழில், "அக்கா, நான் விரதம்" என்றாள். அங்காளம்மாளுக்கு அப்படியொரு சந்தோஷம். விரதத்தைப் பற்றி அவளிடமா சொல்ல வேண்டும்? மகன் பாண்டிதுரை பட்டாளத்தில் சேர்ந்த வருஷத்திலிருந்து, பங்குனி மாதம் பெரிய மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டி, மஞ்சள் சேலை உடுத்தி, பூக்குழி நெருப்பில் இறங்குகிறவள் அவள். எல்லையில் நிற்கிற பிள்ளைக்கு அம்மன் காவல் என்பது அவள் கணக்கு.

அதனால் அன்றிலிருந்து ஹிவோத்துக்குத் தனிக் கவனிப்பு. காலையில் பனங்கற்கண்டு போட்ட பால், மத்தியானம் கெட்டித் தயிர்ச்சோறு, ராத்திரி நெய் வழியும் சப்பாத்தி. வெள்ளிக்கிழமை தோறும் தன் கைக்காசில் பால்கோவா. விரதம் இருக்கிற உடம்புக்கு இதைவிடச் சுத்தமான சாப்பாடு உலகத்தில் எங்கே இருக்கிறது? கறி, மீன் மணம்கூடத் தட்டில் படாமல் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்தாள். தட்டு வைத்த மாதிரியே திரும்பி வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஹிவோத் கல்லூரி லேபில் மயங்கி விழுந்துவிட்டாள். விடுதியில் சாப்பாடு சரியில்லையா என்று கல்லூரியிலிருந்து முதலாளிக்குப் போன் போயிருக்கிறது. மறுநாள் காலையிலேயே ராஜபாளையத்திலிருந்து கார் வந்தது. முதலாளி நவநீதகிருஷ்ணன் மில் வைத்திருப்பவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். நேராக அடுக்களைக்கு வந்து, மீந்த சோற்று வாளியை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா அங்காளம்மா, வாளி தெனமும் இப்பிடித்தான் நெறையுதா?"

"எல்லா நாளும் இல்ல மொதலாளி. இந்த மாசந்தான் செத்தக் கூடுதல்."

"பிள்ளைக வயிறு வாடுதுன்னு பேரு வந்துட்டா விடுதிய நடத்த முடியாதும்மா. மதுரையில ஒரு கேட்டரிங் பார்ட்டி இருக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை அவங்க ஒருதரம் போட்டுக் காட்டட்டும். பிள்ளைகளுக்குப் பிடிச்சா சமையலை அவங்ககிட்டயே விட்டுருவோம். நீயும் காப்புக் கட்டியிருக்க. பூக்குழி முடிச்சு நிம்மதியா ரெஸ்ட் எடு."

ரெஸ்ட் எடு என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். கார் கேட்டைத் தாண்டியதும் கரண்டியை எடுத்து மேடையில் போட்ட போடில், காய் நறுக்கிக்கொண்டிருந்த ஜாஸ்மின் துள்ளி எழுந்தாள். ஜாஸ்மின் வ. புதுப்பட்டிக்காரி, கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆறு வருஷமாக அங்காளம்மாளுக்குக் கையுதவியாக இருக்கிறவள்.

"வாட்டி ஏங்கூட. இன்னைக்கு அவகிட்ட ரெண்டுல ஒண்ணு கேட்டுருவோம்."

மூன்றாம் மாடிக்கு அங்காளம்மாள் ஏறிய வேகத்துக்கு மூச்சு வாங்கவில்லை. கோபம் தூக்கிக்கொண்டு போனது. ஹிவோத் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வந்த புதிதில் பூரித்திருந்த கன்னம் இப்போது ஒட்டிப்போயிருந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு சின்ன மாதா படம், பக்கத்தில் இரண்டு வாழைப்பழம், ஒரு பொட்டலம் பொரிகடலை.

"கேளுட்டி இவகிட்ட. நான் சமைக்கது இவ வாய்க்கு வெளங்கலையா? பாலக் குடுத்தேன், தயிரக் குடுத்தேன். பெத்த பிள்ளைக்குக்கூட நான் இப்பிடி நெய் ஊத்துனதில்ல. என்ன கொற வச்சேன்னு கேளு."

ஜாஸ்மின் இங்கிலீஷில் கேட்டாள். ஹிவோத் மெதுவாகச் சொல்லச் சொல்ல ஜாஸ்மினின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இவ விரதத்துல பாலு ஆகாதாம்."

"என்னது?"

"பாலு, தயிரு, மோரு, நெய்யி ஒண்ணும் ஆகாதாம். கறி, முட்டையும் கெடையாது. உயிருள்ளதுகிட்ட இருந்து வார எதையும் தொட மாட்டாகளாம். நாங்க ஈஸ்டருக்கு முன்னால தவசு இருக்கோம்லா, அதே மாதிரிதான். ஆனா இவிய ஊருச் சபையில ஐம்பத்தஞ்சு நாளாம். தெனமும் மத்தியானம் மூணு மணி வரைக்கும் பச்சத் தண்ணிகூடப் பல்லுல படாதாம்."

அங்காளம்மாள் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பால் ஆகாத விரதமா? அம்மனுக்கே பால்குடம் எடுக்கிற ஊரில் பிறந்தவளுக்கு அது எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் பிடிபடவில்லை. பிடிபட்டபோது உடம்பு கூசியது. மூன்று வாரமாக, வேளை தவறாமல், அந்தப் பெண்ணின் விரதத்தை உடைக்கத்தான் அவள் தட்டு தட்டாக எடுத்து வைத்திருக்கிறாள். தன் முன்னால் ஒருவர் கறிச்சோற்றை வைத்து, தின்னு தின்னு என்று உபசரித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன தாயி?"

ஹிவோத் தானே தமிழில் பதில் தேடினாள். "நீங்க... அன்பா வச்சீங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்ல?"

அவ்வளவுதான். அங்காளம்மாளுக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஐம்பத்தைந்து நாள்! தான் காப்புக் கட்டினதை மம்சாபுரத்தில் மூன்று தெருவுக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இந்தப் பெண் வாழைப்பழத்தையும் பொரிகடலையையும் வைத்துக்கொண்டு ஒருவரிடமும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறது. விரதக்காரிக்கு விரதக்காரியின் அருமை தெரியும். ஹிவோத்தின் மெலிந்த கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள்.

"விரதத்துல ஒங்க அம்மா என்ன பொங்கும்?"

ஹிவோத் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளை முக்காடு போட்ட ஓர் அம்மா, அகலமான மண் கல்லின் முன்னால் குந்தியிருந்தாள். கல்லில் பெரிய வட்டமாக, கண் கண்ணாக ஏதோ வெந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, இது தோசைல்லா!"

ஜாஸ்மின் விசாரித்துச் சொன்னாள். "இஞ்செரான்னு பேராம். அங்க ஒரு தானியம் இருக்காம், கேப்பையவிடப் பொடிசா. மாவப் புளிக்க வச்சு ஒரு பக்கமா மட்டும் சுடுவாகளாம். தொட்டுக்கிட கடலமாவுல குழம்பாம்."

படியிறங்கும்போது அங்காளம்மாளுக்குப் பாண்டிதுரையின் நினைப்பு வந்துவிட்டது. பனி மலையில் யாரோ ஒரு பஞ்சாபிக்காரர்தான் அவனுக்கு ரொட்டி சுடுகிறார். ஆடி வெள்ளிக்கு அவன் விரதம் என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷன் என்ன விரதம், எதை ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருப்பாரா? கேட்டிருந்தால் அவருக்குக் கோடிப் புண்ணியம். தான் கேட்கவில்லையே என்பதுதான் அவளைக் குடைந்தது. பதினாலு வருஷத்தில் இந்த விடுதி எந்தப் பிள்ளையிடமும் சைவமா அசைவமா என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்று மாலையே கேட்டாள். சாப்பாட்டு வரிசையில் ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி, எது ஆகாது, என்றைக்கு ஆகாது, எந்த நேரத்துக்கு ஆகாது என்று கேட்க, மில் காலண்டரில் கிழித்த தாளின் முதுகில் ஜாஸ்மின் எழுதினாள். மேலப்பாளையத்துப் பிள்ளைகள் பதினாறு பேருக்கு ரம்ஜான் நோன்பு. மாலை பாங்கு சொல்லும் வரை எச்சில்கூட விழுங்குவதில்லை, கறியென்றால் பாய் கடைக் கறிதான். சென்னை சவுகார்பேட்டையிலிருந்து வந்த ஜெயின் பெண்ணுக்கு நேர்மாறு: பொழுது சாய்ந்த பிறகு வாயில் ஒரு பருக்கை போடக் கூடாது, மண்ணுக்குள் விளைகிற கிழங்கு, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இந்தத் தவக்காலத்து வெள்ளியில் கறி கிடையாது. முப்பது பேருக்கு மேல் பூக்குழிக்குக் காப்பு. பொழுது சாய்வதற்குள் தின்ன வேண்டியவளும் சாய்ந்த பிறகுதான் தின்ன வேண்டியவளும் ஒரே அறையில் இருந்தார்கள். சாத்தூர்ப் பெண் ஒருத்தி, "எனக்கு ஒரு விரதமும் கெடையாதுக்கா, பசி மட்டுந்தான்" என்றாள்.

"அதையும் எழுதுட்டி" என்றாள் அங்காளம்மாள்.

ஒருத்தருக்கும் தவறில்லாத ஒரு சாப்பாடு இருக்க முடியுமா? அன்றிரவே கேப்பையையும் கொஞ்சம் உளுந்தையும் ஊறப் போட்டாள். மறுநாள் அரைத்து, இரண்டு நாள் புளிக்க விட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மதுரையிலிருந்து இரண்டு வேன் வந்து இறங்கியது. கேட்டரிங் நடத்துகிற விக்னேஸ்வரன் முப்பது வயது வாலிபன். அவனும் பத்து ஆட்களும் வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார்கள். அங்காளம்மாளின் அடுக்களை கண் முன்னால் கைமாறியது. பேசாமல் ஒதுங்கி நின்றிருக்கலாம். அந்த ஆளே குழியில் விழட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் பிள்ளைகளைப் பட்டினி போட்டு ஜெயிக்கிற ஜெயிப்பு அவளுக்கு வேண்டியதில்லை. தாளை எடுத்துக்கொண்டு அவனிடமே போனாள்.

"தம்பி, இந்த மாசம் பாதிப் பிள்ளைக விரதத்துல இருக்கு. யாருக்கு எது ஆகாதுன்னு இதுல எழுதியிருக்கு. ஒருவாட்டி பாத்துக்கிடுங்க."

அவன் தாளை வாங்கவே இல்லை. "அக்கா, நான் ரெண்டாயிரம் பேர் கல்யாணத்துக்குப் பந்தி போடுறவன். சைவம் தனியா, அசைவம் தனியா இருக்கு. நீங்க கவலப்படாதீங்க."

"சரி தம்பி" என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். அங்கே வேப்பமரத்தடியில், திருவிழா நாளில் மட்டும் மூட்டுகிற மூன்று விறகடுப்புகள் இருந்தன. விரதக்காரர்களுக்கு மட்டும் அங்கே பொங்கிக்கொள்கிறேன் என்று வார்டனிடம் சொல்லியும் வைத்திருந்தாள். ஒன்றில் தோசைக்கல், ஒன்றில் தேங்காய்ப்பால் விட்ட நோன்புக் கஞ்சி, மூன்றாவதில் தக்காளியும் மிளகும் சீரகமும் போட்டு, வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் படாத கடலைமாவுக் குழம்பு. நெய்க்குப் பதில் நல்லெண்ணெய். ஐந்தரை மணிக்கு ஜெயின் பெண் முதல் ஆளாகச் சாப்பிட்டு முடித்து, "சூப்பர் அக்கா" என்று தட்டைக் கழுவி வைத்தாள்.

ஆறு மணிக்கு மெஸ் ஹாலில் விளக்கெல்லாம் போட்டு, சாப்பாட்டை வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். சிக்கன் பிரியாணி, நெய் மிதக்கும் பனீர் பிரியாணி, தயிர்ச்சோறு, குலாப் ஜாமூன். ருசியில் குறை சொல்ல முடியாது. எட்டி நின்றே அங்காளம்மாளின் மூக்கு மார்க் போட்டுவிட்டது. முதலாளி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வரிசையில் அறுபது பேர் வந்தார்கள், தின்றார்கள், போனார்கள். அதோடு வரிசை நின்றுவிட்டது. கத்தோலிக்கப் பிள்ளைகள் பனீர்ப் பக்கம் வந்து, கறிச் சட்டிக் கரண்டியே இதிலும் கிடப்பதைப் பார்த்துத் திரும்பினார்கள். காப்புக் கட்டியவர்கள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கறி எந்தக் கடை என்று கேட்ட பெண்ணுக்கு, நல்ல கடைதான் என்று பதில் வந்தது. அவள் பின்கதவைப் பார்த்து நடந்தாள். முதலாளியும் எழுந்து அவள் பின்னால் போனார்.

கொல்லையில் எண்பது பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊர்ப் பக்கமிருந்து பாங்குச் சத்தம் வந்தது. மேலப்பாளையத்துப் பிள்ளைகள் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார்கள். ஜாஸ்மின் சிலுவை போட்டுக்கொண்டாள். அங்காளம்மாள் வேப்பமரத்து மாடத்தில் அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு வந்து, கல்லின் முன்னால் உட்கார்ந்தாள். மாவை வட்டமாக ஊற்றி, மூடி போட்டு, திருப்பாமலே எடுத்தாள். கண் கண்ணாக வெந்த கேப்பைத் தோசையின் நடுவில் குழம்பை ஊற்றி ஹிவோத்தின் கையில் கொடுத்தாள்.

ஹிவோத் ஒரு துண்டைக் கிள்ளி, குழம்பைச் சுற்றி எடுத்து வாயில் வைத்தாள். மென்றவள் நிறுத்திவிட்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று வடிந்தது.

"காரமா தாயி?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். "வீடு அக்கா" என்றாள். "வீடு."

ஏழு தோசை சாப்பிட்டாள். ஒவ்வொரு தோசையையும் அங்காளம்மாள் வாய்விட்டு எண்ணினாள். அன்றைக்கு அவளுக்கு வந்த பெருமைக்கு அந்தக் கொல்லை போதாது. உலகத்தின் எந்த மூலையில் எந்தச் சாமியை நினைத்து எவள் வயிற்றைக் கட்டினாலும், விரதம் விடுகிற நேரத்துக்குத் தன் கையில் அவளுக்கு ஒரு தட்டு இருக்கிறது என்று நினைத்தாள். அப்படி நினைக்க அவளுக்கு உரிமையும் இருந்தது.

முதலாளி அடுப்புப் பக்கம் வந்து நின்று ஒரு தோசை கேட்டு வாங்கினார். நின்றபடியே தின்றுவிட்டு, "சால பாகுந்தி" என்றார். அவருக்கு நெசமாகவே பிடித்துப்போனால்தான் வாயில் தெலுங்கு வரும் என்பது விடுதியில் எல்லோருக்கும் தெரியும்.

"இதெல்லாம் ஒனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல மொதலாளி. நாந்தான் தப்புப் பண்ணுனேன். அந்தப் பிள்ளை மயங்கி விழுந்ததுக்கு என் பாலுந் தயிருந்தான் காரணம். பொறவு ஒவ்வொருத்தியா கேட்டேன். அம்புட்டுத்தான்." மடித்த தாளை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். பின்னால் வந்து நின்ற விக்னேஸ்வரன் தொப்பியைக் கழற்றியிருந்தான். "மத்தியானமே அக்கா இதக் கொண்டாந்து காட்டுனாங்க சார். நான்தான் வாங்கல" என்றான். நல்ல பிள்ளைதான்.

"ஒக்காருங்க தம்பி, சாப்பிட்டுப் போங்க" என்றாள் அங்காளம்மாள். "மீந்த பிரியாணிய வீணாக்காதீக. மம்சாபுரத்துல கூலி வேலைக்குப் போற சனம் நெறைய இருக்கு. வேன எங்க தெருவுக்கு விடுங்க."

முதலாளி தாளைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்தார். "அடுத்த வருஷம் அட்மிஷன் பாரத்துல இது மொத்தமும் கேள்வியா வந்துரும். கேட்டு வாங்கி ஒங்கிட்ட குடுத்துருவோம். அடுக்களை ஒன்னுதும்மா."

"பூக்குழிக்கு ரெண்டு நாள் லீவு வேணும் மொதலாளி."

"எடுத்துக்கோ. ஆனா திரும்பி வந்துரு."

பூக்குழியன்று மத்தியானம் ஊரே மஞ்சளாகிக் கிடந்தது. ஆயிரக்கணக்கில் வரிசை. கையில் வேப்பிலையோடு, பிள்ளையின் பேரை அம்மனிடம் சொல்லிவிட்டு, அங்காளம்மாள் பூவில் இறங்கி மறுகரை ஏறினாள். தடுப்புக் கம்புக்கு அந்தப் பக்கம், "அக்கா! அக்கா!" என்று ஒரே கூச்சல். ஜாஸ்மினோடு விடுதிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். முக்காடு போட்ட மேலப்பாளையத்துப் பிள்ளை இரண்டு பேர், அந்த ஜெயின் பெண், எல்லாருக்கும் முன்னால் ஒரு சொம்போடு ஹிவோத்.

"பானகம் அக்கா. நான் கரைச்சேன்" என்று நீட்டினாள் ஹிவோத். பிறகு முகத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "பயப்படாதீங்க. பால் இல்ல."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அங்காளம்மாள் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். தன் அடுக்களையில் தான் இல்லாதபோது இன்னொருத்தி கரைத்த பானகம், இனிப்பு ஒரு கை தூக்கல்தான், சொல்லவில்லை.

பக்கத்தில் நின்ற ஸ்ரீவில்லிபுத்தூர்க்கார அம்மாள் ஒருத்தி ஹிவோத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்து ஒரு பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து, "எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்க! ஒரு வாய் எடுத்துக்கோத்தா" என்று அவள் வாய்க்கே கொண்டுபோனாள். ஹிவோத் வழக்கம் போல இரண்டு கையையும் கூப்பினாள்.

அதற்குள் அங்காளம்மாளின் கை குறுக்கே வந்து பொட்டலத்தைத் தடுத்தது.

"வேண்டாம்மா. எங்க பிள்ளைக்கு விரதம்" என்றாள், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. "நம்மளுது இன்னைக்கோட முடிஞ்சிட்டு. இவளுக்கு ஈஸ்டர் வரைக்கும் கெடக்கு. மொத்தம் ஐம்பத்தஞ்சு நாளு. பாலக்கூடத் தொட மாட்டா, தெரியும்லா?"